நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

11

"யாரு வேணும்?"

கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் தடித்துக் கரகரத்தது. மச்சான் உடனே இரண்டடி பின்வாங்கினான். அடிதடி என்று வந்தால் முதல் அடி தனக்குத்தான் என்பது அவன் அனுபவத்தில் கண்டறிந்த உண்மை.

கதவு திறந்தது. நின்றது ஐந்து வயதுப் பெண் குழந்தை. முன்பல் இரண்டு இல்லை.

"அத்தான், அடுத்த வருஷம் இதுக்கு மீசை முளைச்சிடும்," என்றான் மச்சான் ரகசியமாக.

துருவி சிரிக்கவில்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். துருவி அவர் பெயர் இல்லை. போலீசில் இருந்தபோது சகாக்கள் வைத்தது. ஒரு விஷயத்தில் கை வைத்தால் அடி தெரியும்வரை விடமாட்டார். அந்தக் குணத்துக்காகவே இலாகா அவரை வீட்டுக்கு அனுப்பியது. மச்சான் அவர் மனைவியின் தம்பி. அக்கா வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனை, 'அதை என்கூட வந்து பாரு' என்று இழுத்துக்கொண்டு வந்து ஆறு வருஷமாகிறது. அவன் கையில் ஒரு மலிவு டிஜிட்டல் கடிகாரம் உண்டு. மணிக்கு ஒரு தடவை 'பீப்' என்று கத்தும். ஒளிந்திருந்து வேவு பார்த்த இரண்டு வழக்குகளை அது கெடுத்திருக்கிறது. அதை எப்படி நிறுத்துவது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

வழக்கு இதுதான். எட்டு மாதத்துக்கு முன் ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில், பட்டப்பகலில், சரக்கு ஏற்றும் முற்றத்தில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கிப் போகும் ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டி பின்னால் வந்து ஒருவரைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. செத்தவர் முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்த ஐம்பத்தேழு வயதுக்காரர். எல்லோருக்கும் அவர் பெரியவர். வண்டி ஓட்டிய டிரைவருக்கு இருபத்தாறு வயது. பின்னால் போகும்போது வண்டி 'பீப் பீப்' என்று எச்சரிக்க வேண்டும். பார்த்தபோது அதன் ஒயர் அறுந்து கிடந்தது. மோதியபோது அறுந்தது என்றான் டிரைவர். கம்பெனி சிரித்தது. பெரியவருக்குக் காது பிரமாதமாகக் கேட்கும், சாவதற்கு ஒரு மாதம் முன்னால் எடுத்த காது டெஸ்ட் சர்டிபிகேட் இதோ, பீப் அடித்திருந்தால் விலகியிருப்பார், ஆகவே அடிக்கவில்லை, ஆகவே ஒயரை முன்பே பிடுங்கியிருக்கிறான் என்றது. முந்தின நாள் கேன்டீனில் இருவரும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதை நாற்பது பேர் பார்த்திருக்கிறார்கள். கொலை என்று எழுதிவிட்டது போலீஸ். நாளைக் காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை.

வக்கீலே கையை விரித்த பிறகுதான் டிரைவரின் அக்கா துருவியைத் தேடி வந்தாள். தையல் வேலை செய்கிறவள். குரல் நூல் மாதிரி மெலிசு. அம்மா போனபோது தம்பிக்கு நாலு வயது, தனக்குப் பதினாலு என்றாள். "நான்தான் சார் வளர்த்தேன். ஒரே ஒரு நாள் கை நீட்டிட்டேன். காதுல ரத்தம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் அவனை ஒரு வார்த்தைகூட அதட்டினதில்ல. அவன் கொலை பண்ணுவானா?" என்று கேட்டாள். எல்லாக் கொலைகாரனுக்கும் இப்படி ஒரு அக்கா இருப்பாள் என்று மச்சான் அன்றைக்கு வீடு திரும்பும்போது சொன்னான். 

இப்போது பெரியவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவரின் மனைவி எதிரே நின்றார். உட்காரச் சொன்னாரே தவிர உட்காரவில்லை. தன் கணவரைக் கொன்றவனுக்காக அலைகிறவர்களுக்கு அதுவே அதிகம் என்று அந்த முகம் சொன்னது. காது நன்றாகக் கேட்குமா என்று துருவி கேட்டார். நன்றாகக் கேட்கும் என்றார். சந்தேகமே இல்லையா? கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறதே என்றார்.

துருவி குழந்தையின் பக்கம் திரும்பினார். "ஏன் பாப்பா இப்படிக் கட்டைக் குரல்ல பேசற?"

"தாத்தாவுக்கு இப்படிப் பேசினாத்தான் கேக்கும்," என்றது குழந்தை, அதே கரகரப்பில். "என் குரல்ல பேசினா, ஏன் வாயை மட்டும் அசைக்கறேன்னு கேப்பாரு."

"தாத்தாதான் இப்ப இல்லையே?"

குழந்தை யோசித்தது. "பழகிடுச்சு," என்றது.

 பெரியவரின் மனைவி குழந்தையை உள்ளே போகச் சொன்னார். பிறகு துருவியிடம், "அவர் செத்ததுக்கு அவர் காதுதான் காரணம்னு எழுதப் போறீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. மச்சான் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

தொழிற்சாலை மருத்துவ அறைக்குப் போக வக்கீலின் கடிதம் உதவியது. வாசலிலிருந்து அங்கே போவதற்குள் மச்சானுக்குத் தலை வலித்தது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கன்வேயர் பட்டையில் ஓடும் சத்தம். அங்கே யாரும் பேசவில்லை, கையைத்தான் ஆட்டினார்கள். காதடைப்பான்கள் ஒரு பெட்டியில் இருந்தன. பெட்டிமேல் இருந்த தூசியை வைத்து அதன் வயதைச் சொல்லிவிடலாம்.

நர்ஸுக்கு ஐம்பது வயதிருக்கும். மாவுக் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை, அதே மாதிரி முகம். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அறையின் மூலையில் டெலிபோன் பூத் மாதிரி ஒரு கூண்டு நின்றது. சத்தம் புகாத சுவர், பின்பக்கம் ஒரு கண்ணாடி. உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்போன், கையில் பிடிக்க ஒரு பட்டன். வெளியே இயந்திரம். ஒலி கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். இயந்திரமே கோடு போட்டு அச்சடித்துத் தள்ளிவிடும்.

"மனுஷனுக்கு எதுவரைக்கும் கேக்கும்?" என்றார் துருவி.

நர்ஸ் சுருக்கமாகச் சொன்னாள். ஒலி என்பது நடுக்கம். விநாடிக்கு இருபது தடவை நடுங்கினால் அடிவயிற்றில் உறுமுகிற மாதிரி இருக்கும், அதுதான் அடிப்படி. மேல்படி இருபதாயிரம். குழந்தைக்குத்தான் மேல்படிவரை ஏற முடியும். வயது ஏற ஏற மேலேயிருந்து ஒவ்வொரு படியாக உடைந்துகொண்டே வரும். அது இயற்கை. சத்தத்தில் வேலை செய்கிறவனுக்கு வேறு மாதிரி. நடுவில் நாலாயிரத்தில் முதலில் ஓட்டை விழும். பிறகு ஓட்டை இரண்டு பக்கமும் பெரிதாகும். வண்டியின் பீப், பறவைச் சத்தம், குழந்தைப் பேச்சின் கூர்மை எல்லாம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

"உறுமல் மட்டும் மிச்சமிருக்கும்," என்றார் துருவி.

"ஆமா. ஆம்பளைங்க பேசறது ஓரளவு கேக்கும். அதனால தனக்குக் காது போச்சுன்னே ஒருத்தனுக்கும் தெரியாது. மத்தவங்கதான் முணுமுணுக்கறாங்கன்னு நினைப்பான்."

"எனக்கு எத்தனை படி இருக்குன்னு பாத்துடலாமே," என்று மச்சான் கூண்டுக்குள் ஏறிவிட்டான். ஓசியில் எது கிடைத்தாலும் அவன் விடமாட்டான். நர்ஸ் வழக்கமான டெஸ்ட்டை முடித்துவிட்டு, பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் என்று மேலே ஏற்றிக்கொண்டே போனாள். மச்சான் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான். பதினாறாயிரம் என்றாள். அமுக்கினான். பதினெட்டு. அமுக்கினான். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஒலிம்பிக் களை இருந்தது.

"இயந்திரத்தை அணைச்சு நாலு நிமிஷமாச்சு," என்றாள் நர்ஸ்.

மச்சான் தன் காதைக் குற்றம் சொல்லலாமா இயந்திரத்தைக் குற்றம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் துருவி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. அதைப் பார்த்தால் மச்சானுக்கு மதியச் சாப்பாடு போச்சு என்று அர்த்தம்.

"மச்சான், நல்ல வேலை பண்ணினே. காது கேக்கறவன் கேக்காத மாதிரி நடிக்கலாம். சும்மா உக்காந்திருந்தா போதும். காது கேக்காதவன் கேக்கற மாதிரி நடிக்க முடியுமா?"

"அதான் நடிச்சு மாட்டிக்கிட்டேனே."

"அப்ப பெரியவர் எப்படி மாட்டிக்கல? பேத்தி குரல் கேக்காத மனுஷன், அதுக்கும் மேல எட்டாயிரம் வரைக்கும் எப்படிக் கேட்டாரு?"

மச்சான் பையிலிருந்து கோர்ட்டுப் பிரதியை எடுத்தான். பெரியவரின் சர்டிபிகேட். இரண்டு காதுக்கும் மேல்மட்டத்தில் நேர்க்கோடு. இடது காதில் மட்டும், நாலாயிரம் என்ற எண்ணுக்கு நேரே, கோடு திடீரென்று கிணற்றில் விழுந்து மறுபடி ஏறியிருந்தது. பேச்சு கேட்கிற இடமெல்லாம் சரியாக இருந்ததால் பாஸ் போட்டிருந்தார்கள்.

"இது பெரியவர் காதில்ல," என்றார் துருவி. "வேற யாரோ ஒருத்தர் காது."

நர்ஸ் ஜன்னல் பக்கம் பார்த்தாள். துருவி இந்த வருஷத்து ஃபைலைக் கேட்டார். அவள் மறுக்கவில்லை. யாராவது கேட்பதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தவள் மாதிரி, பூட்டைத் திறந்து நூற்றுப்பன்னிரண்டு தாள்களையும் மேஜைமேல் வைத்தாள்.

மேஜை போதவில்லை. தரையில் பரப்பினார்கள். துருவி மண்டிபோட்டு ஊர்ந்தார். பெரும்பாலான தாள்களில் கோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி போனது. ஒருவனுக்குச் சரிவு, ஒருவனுக்குப் படிக்கட்டு. இடது காதில் நாலாயிரத்தில் கிணறு உள்ள தாள்களை மட்டும் அவர் ஓரமாக அடுக்கினார். ஒன்று, ஐந்து, பதினாறு. மச்சான் எண்ணிப் பார்த்தான். முப்பத்தொன்பது. எல்லாக் கிணறும் ஒரே ஆழம், ஒரே அகலம்.

"முப்பத்தொன்பது பேருக்கு ஒரே காது," என்றான் மச்சான். "அத்தான், கைரேகை பாத்திருக்கோம். காதுரேகை இப்பத்தான் பாக்கறேன்."

நர்ஸ் அதற்குமேல் அடக்கிக்கொள்ளவில்லை. டெஸ்ட்டில் தோற்றவனை, சத்தமான இடத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று கம்பெனி மறுநாளே வெளியே அனுப்பிவிடும் என்றாள். ஆகவே பேரைக் கூப்பிட்டால் வேறு ஒருவன் உள்ளே போய் உட்காருவது மூன்று வருஷமாக நடக்கிறது. அவள் பேரை டைப் செய்வாள், இயந்திரம் ஓடும், கண்ணாடி வழியாக முதுகுதான் தெரியும். மானேஜருக்கும் தெரியும். எல்லாத் தாளும் நன்றாக இருந்தால் அவர் இயந்திரங்களின் சத்தத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

"சத்தம் காதைத் தின்னுது. காது போனா ஆளை வெளிய அனுப்பறாங்க. சத்தம் மட்டும் பத்திரமா உள்ளயே இருக்கு," என்றாள்.

"அந்த முதுகு யாருது?"

"முதுகுக்குப் பேர் இருக்கா சார்? முதுகை அடையாளம் பாக்கறதுக்கு எனக்கு இங்க வேலை குடுக்கல." சொல்லிவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

மச்சான் முப்பத்தொன்பது தாள்களையும் புரட்டினான். பெரியவர் இருந்தார். பேக்கிங் மேஸ்திரி இருந்தார். கேன்டீன் சண்டையைப் பார்த்ததாகச் சாட்சி சொன்ன நாற்பது பேரில் அவர்தான் முக்கியம். அதற்கு அடுத்த தாளில் அவன் கை நின்றது. டிரைவரின் பெயர்.

அவனுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. டிரைவரும் ஆள் மாற்றித்தான் பாஸ் பண்ணியிருக்கிறானா? அப்படியானால் அவனுக்கும் காது கிடையாது. பீப் அடித்தது, அடித்தது என்று எட்டு மாதமாகச் சொல்கிறவனுக்கு அது அடித்ததா இல்லையா என்றே தெரிந்திருக்காது. பெரியவர் செவிடு என்று நிரூபிக்கப் போய் நம்ம ஆளையும் செவிடாக்கிவிட்டோமே என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். துருவியிடம் சொன்னான். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். மற்றவற்றை மறுபடி ஒரு தடவை புரட்டினார், இந்த முறை கோட்டைப் பார்க்கவில்லை, பிறந்த வருஷத்தைப் பார்த்தார். ஃபைலை மூடிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார்.

"ஜெயிலுக்குப் போகணும்," என்றார். குரலில் வெற்றி இல்லை.

அவர்கள் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிய முக்கால் மணி இருந்தது. வாசலில் டிரைவரின் அக்கா நின்றாள். இன்றைக்கு அவளை ஏற்கெனவே உள்ளே விட்டாகிவிட்டது, மறுபடி விடமாட்டார்கள். இருந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றாள். ஏதாவது கிடைத்ததா என்று கேட்டாள். துருவி ஃபைலைக் காட்டி, வந்து சொல்கிறேன் என்றார்.

டிரைவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். மெலிந்து போயிருந்தான். நலம் விசாரித்த துருவிக்குத் தலையை மட்டும் ஆட்டினான்.

"மச்சான், உன் கடிகாரத்தைக் கழட்டு."

மச்சான் கழற்றிக் கொடுத்தான். பொத்தானை அமுக்கினால் அது எப்போது வேண்டுமானாலும், வண்டி பீப் மாதிரியே நாலாயிரத்துப் பக்கம், கத்தும் என்பதை ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குத் துருவி காட்டினார். டிரைவரைக் கண்ணை மூடிக்கொண்டு இடது காதை விரலால் அடைத்துக்கொள்ளச் சொன்னார். வலது காதருகே கடிகாரத்தைப் பிடித்து அமுக்கினார்.

"பீப் சத்தம்," என்றான் டிரைவர்.

இப்போது வலது காதை அடைக்கச் சொன்னார். கடிகாரத்தை இடது காதருகே கொண்டுபோனார். அமுக்கினார். பீப். மறுபடி. பீப். மூலையில் நின்ற காவலர்கூடத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தான்.

"எப்ப சார் அமுக்குவீங்க?" என்றான்.

மச்சானுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் தாளைத் தலைகீழாகப் படித்திருக்கிறான். டிரைவருக்காக யாரும் போய் உட்காரவில்லை. முப்பத்தெட்டு பேருக்காகவும் போய் உட்கார்ந்தவன் டிரைவர்தான்.

"முப்பத்தெட்டு பேரு அம்பதைத் தாண்டினவங்க," என்றார் துருவி. "ஒருத்தனுக்கு மட்டும் இருபத்தாறு. அவனைச் சின்ன வயசுல யாரோ காதோட சேத்து அறைஞ்சிருக்காங்க. நீ ஏன் தம்பி எங்ககிட்ட சொல்லல?"

டிரைவர் கண்ணைத் திறந்தான். மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவன் முகத்தில் ஒரு சோர்வுதான் வந்தது. மெல்லச் சொன்னான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் பெரியவர்தான் வந்து கேட்டார். ரிட்டயராக மூன்று வருஷம்தான் இருக்கிறது, எனக்காக உள்ளே போய் உட்காருடா என்றார். சாப்பாட்டை அவனோடு பங்குபோட்டுச் சாப்பிட்ட மனிதர். போய் உட்கார்ந்தான். மறுநாள் மேஸ்திரி வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோரும் அவன் அண்ணே என்று கூப்பிட்டவர்கள். ஒருவருக்கு உட்கார்ந்துவிட்டு இன்னொருவருக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"கேன்டீன்ல என்ன சண்டை?"

"யார்டு பக்கம் வராதீங்கன்னு சொன்னேன். வண்டி பீப் உங்களுக்குக் கேக்காது, எனக்குத் தெரியும்னு சொன்னேன். அத்தனை பேர் இருக்கற இடத்துல சொல்லிட்டேன். அவருக்கு அவமானமாப் போச்சு. சட்டையைப் பிடிச்சாரு."

நாற்பது பேர் பார்த்த சண்டை. ஒருவர்கூட அதில் என்ன பேச்சு என்று கோர்ட்டில் சொல்லவில்லை. பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது, மீதிப் பேருக்குச் சொல்ல வாய் வந்திருக்காது. மச்சான் அதை நகைச்சுவையாகச் சொல்லப் பார்த்தான். விட்டுவிட்டான்.

"அடுத்த நாள்?" என்றார் துருவி.

டிரைவர் மேஜையைப் பார்த்தான். "பெட்டிங்களை உயரமா அடுக்கியிருந்தாங்க. பின்னாடி ஒண்ணும் தெரியல. பீப் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. யாராவது இருந்தா விலகிடுவாங்கன்னு நினைச்சேன். முந்தின நாள்தான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன், கேக்காதுன்னு. அந்த அரை நிமிஷம் அது எனக்கு ஞாபகமே வரல. பீப் நல்லாக் கேட்டுச்சு சார். எனக்குத்தான் கேட்டுச்சு."

துருவி ஃபைலைத் தட்டினார். இது நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் கொலை வழக்கு நிற்காது, ஏமாற்றியதற்கு ஏதாவது கொஞ்சம் கொடுப்பார்கள் என்றார்.

டிரைவர் பதறிப்போய் வேண்டாம் என்றான். அது போனால் மிச்சமிருக்கிற முப்பத்தேழு பேருக்கும் மறுபடி டெஸ்ட் வைப்பார்கள், வாரக் கடைசிக்குள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். தான் ஒருவன் உள்ளே இருந்துவிட்டால் போதும், பெரியவரைக் கொன்றது எப்படியும் தான்தானே என்றான். சொல்லும்போது அவன் அழவில்லை. எட்டு மாதமாக ஒத்திகை பார்த்த பேச்சு.

"தம்பி, நீ இங்க இருக்க. அங்க வண்டி இப்ப யாரு ஓட்டறா?"

அவனுக்குத் தெரியவில்லை.

"யாரோ ஒரு புதுப் பையன். அவனுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. அவன் பின்னாடி வரும்போதும் பீப் அடிக்கும். முப்பத்தேழு பேரு அந்த முற்றத்துல குறுக்கயும் நெடுக்கயும் நடக்கறாங்க. நீ காட்டின காதை நம்பித்தான் கம்பெனி அவங்களை அங்க விட்டிருக்கு. அடுத்தது யாருன்னு நினைக்கற?"

டிரைவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

வெளியே பேக்கிங் மேஸ்திரி காத்திருந்தார். ஃபைல் வெளியே போன சேதி தொழிற்சாலையிலிருந்து அவருக்கு எப்படியோ எட்டியிருக்கிறது. கொஞ்சம் தள்ளி, சுவரோரம் அக்கா நின்றாள். தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்ன மனிதரை அவள் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை.

மேஸ்திரி துருவியை மறித்துக்கொண்டு சாலை ஓரத்தில் நின்றார். தனக்கு இன்னும் நாலு வருஷம்தான் இருக்கிறது என்றார். மகளுக்கு இப்போதுதான் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள் என்றார். இந்த ஃபைல் கோர்ட்டுக்குப் போனால் எங்களைச் செவிடென்று சொல்லிப் பையனை விட்டுவிடுவார்கள், நாங்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார். சத்தம் போட்டுத்தான் பேசினார், சுவரோரம் நின்ற அக்காவுக்கும் எல்லாம் கேட்டது. தன் சத்தம் அவருக்கே தெரியவில்லை. "எங்க காதுக்கு என்ன சார் குறைச்சல்? நல்லாத்தான கேக்குது? இப்ப உங்களோட பேசலையா?"

ஜெயில் வண்டி ஒன்று வாசலுக்குள் நுழைவதற்காகப் பின்னால் வர ஆரம்பித்தது. பீப், பீப், பீப். பூக்கூடை மாதிரி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போன பெண் விலகினாள். காவலர் விலகினார். படுத்திருந்த நாய்கூட எழுந்து நகர்ந்தது. மேஸ்திரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசிக்கொண்டே இருந்தார். முப்பது வருஷ உழைப்பைப் பற்றிப் பேசினார். மச்சான் வாயைத் திறந்தான், துருவி கையை நீட்டினார், அதற்குள் சுவரோரத்திலிருந்து அக்கா ஓடி வந்து மேஸ்திரியின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டாள். இருவரும் நடைபாதையில் போய் விழுந்தார்கள். அவர் நின்ற இடத்தைச் சக்கரம் தாண்டிப் போனது.

"என்ன? என்னாச்சு?" என்றார் மேஸ்திரி. பிறகு வண்டியைப் பார்த்தார். அதன் பின்பக்கத்தில் சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது, பீப் இன்னும் நிற்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

அக்கா எழுந்து மூச்சு வாங்கினாள். ஏதோ சொன்னாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார்.

"தாழ்ந்த குரல்ல சொல்லுங்க," என்றான் மச்சான். "கட்டையா."

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். அந்த மெலிசான உடம்பிலிருந்து, ஐந்து வயதுக் குழந்தையிடம் காலையில் கேட்ட அதே கரகரத்த குரல் வந்தது. "நாளைக்குப் பத்து மணிக்கு வந்து, உங்களுக்குக் காது கேக்காதுன்னு சொல்லுங்க. என் தம்பியை விட்டுடுவாங்க."

அவருக்குக் கேட்டது. கண்ணில் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார், ஃபைலைப் பார்த்தார், வண்டி போன பக்கம் பார்த்தார். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"நீ சொல்றது எனக்குக் கேக்கலம்மா," என்றார். திரும்பி நடந்தார்.

மச்சானுக்கு அவரைத் துரத்திப் போய் அறையவேண்டும் போலிருந்தது. இப்போதுதான் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவளிடம் இப்படி நடிக்கிறாரே. காது கேட்காத மாதிரி நடிப்பதற்குச் சும்மா நின்றால் போதும் என்று காலையில் படித்த பாடம் ஞாபகம் வந்தது.

"விடு," என்றார் துருவி. அவர் வாசல் காவலரிடம் போய்ப் பெயரையும் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டார். வண்டி பீப் அடித்தது, மேஸ்திரி விலகவில்லை, காது கேட்கவில்லை என்று மேஸ்திரி தன் வாயாலேயே சொன்னார். மூன்றையும் பார்த்தேன், கேட்டேன் என்று காவலர் ஒப்புக்கொண்டார். "வேற எதையும் மேஸ்திரி கோர்ட்டுல சொல்ல வேண்டாம் மச்சான். இப்ப சொன்னதையே சொன்னா போதும்."

வழக்கு முடிந்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் மச்சான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான். அவன் அக்காவைப் பார்த்தான். துருவி அவளிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே காது, முப்பத்தொன்பது தாள், அது அவள் தம்பியின் காது என்று எப்படி நிரூபிப்பது என்பதுவரை. தம்பி பிழைத்துவிடுவான் என்று புரிந்ததும் அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"அந்தப் பள்ளம் எப்படி சார் விழுந்துச்சு? எந்தக் காது?"

அடிவரை துருவாமல் விடாத மனிதர், கேள்வி என்றால் பதிலோடு வீடு திரும்புகிறவர், தெருவைப் பார்த்தார்.

"சில பேருக்குப் பிறவியிலயே இருக்கும்மா," என்றார். "எந்தக் காதுன்னு சரியா ஞாபகம் இல்ல."

அவள் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். ஊசி குத்திக் காய்ப்பேறிய விரல்கள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

மச்சானின் கடிகாரம் ஐந்து மணிக்குக் கத்தியது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். நாளைக் காலை பத்து மணிக்கு, நிறைந்த கோர்ட்டில், இடது காது என்று யாரோ ஒரு குமாஸ்தா சத்தமாகப் படிக்கப் போகிறார்.